ஒண்ணு காட்டுங்க

பாளையங்கோட்டையில் கோமதிநாயகம் என்று ஒரு கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து எடுத்துத் தலை நரைத்த பிறகும், கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை அவரை விட்டபாடில்லை. அதற்குச் சென்னையில் ஒரு நிறுவனம். அதில் நுழைய ஒரு பரீட்சை. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தார்.

மூன்றாவது தடவைக்காகச் சம்பளமில்லா விடுப்பு போட்டபோது மனைவி கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இதான் கடைசி. இந்த வருசமும் கிடைக்கலன்னா, அப்புறம் இந்த வீட்ல ஆராய்ச்சிங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

நாயகம் தலையாட்டிவிட்டார். ஆட்டாமல் என்ன செய்வார்?

பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தவர் பிரிசில்லா மேடம். ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மேடத்துக்கு வயது நாயகத்தின் வயதில் பாதிதான் இருக்கும். அவர் இவரைச் 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை முழுக்க முப்பிடாதியிடம்தான். கூடப் படித்த மூன்று பேரில் ரியாஸும் வானமாமலையும் தங்கமான பையன்கள். நாயகம் ஒன்று சொன்னால் "ஆமா சார்" என்று எழுதிக்கொள்வார்கள். முப்பிடாதி எழுதமாட்டாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "எங்க சார், ஒண்ணு காட்டுங்க" என்பாள்.

இப்படி ஒரு அணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் என ஆரம்பித்தால், "எங்க, ஒண்ணு காட்டுங்க." இப்படி ஒரு தொடர் என்றால், "ஒண்ணு காட்டுங்க." கத்தரிக்காய் வாங்க வந்தவள் மாதிரி. சரி, காட்டித் தொலைத்தால் விடுவாளா? "இன்னொண்ணு?" என்பாள்.

பள்ளிக்கூடமாக இருந்தால், 'வாய மூடிட்டுச் சூத்திரத்தப் போடு' என்ற ஒரே அதட்டில் கதை முடிந்திருக்கும். இங்கே அவளும் மாணவி, அவரும் மாணவர். நாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பரீட்சை நெருங்க நெருங்க அதற்கும் முடியாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தார்.

"மேடம், ஒரு விசயம்."

"சொல்லுங்க சார்."

"அந்தப் பிள்ள என் உயிர வாங்குதா."

"எந்தப் பிள்ள?"

"முப்பிடாதிதான், வேற யாரு? ஒரு வரி நகர விடமாட்டேங்கா. நாலு கணக்கு முடிக்க வேண்டிய நேரத்துல ஒண்ணுகூட முடியமாட்டேங்கு. அவங்களுக்கெல்லாம் அடுத்த வருசம் இருக்கு மேடம். எனக்கு இல்ல."

மேடம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன செய்யலாம்ங்கீங்க?"

"தனியா உக்கார வைங்க. பாவம் பாத்தா என் பொழப்பு போயிரும்."

"சரி சார்."

இவ்வளவு லேசில் சரி என்பார் என்று நாயகம் நினைக்கவில்லை. கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அப்பாடா என்று இருந்தது.

பிள்ளைகள் வந்ததும் மேடம் பலகையில் ஒரே ஒரு நிபந்தனையை எழுதினார். ஒரு சார்பு. அதற்குள் எந்த இரண்டு எண்களைப் போட்டாலும், வெளியே வரும் விடைகளின் வித்தியாசம், போட்ட எண்களுடைய வித்தியாசத்தின் வர்க்கத்தைத் தாண்டக் கூடாது.

"இந்த மாதிரிச் சார்புகளப் பத்தி என்னென்ன சொல்ல முடியுமோ எழுதுங்க. முப்பிடாதி, நீ ஒரு நாற்காலிய எடுத்துட்டு வெளிய வராந்தாவுல உக்காந்து போடு."

முப்பிடாதி நாயகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். மேடம் டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார்.

அப்புறம் நாயகத்தைப் பிடிக்க ஆள் இல்லை. இந்தச் சார்புகள் தொடர்ச்சியானவை. நிறுவினார். வெறும் தொடர்ச்சி இல்லை, சீரான தொடர்ச்சி. அதையும் நிறுவினார். மூடிய இடைவெளியில் உச்ச மதிப்பும் குறைந்தபட்ச மதிப்பும் கட்டாயம் உண்டு. இரண்டு சார்புகளின் சராசரி எடுத்தால் அதுவும் இதே வகைதான். ரியாஸ் "சூப்பர் சார்" என்றான். வானமாமலை பலகை போதாமல் சுவரில் அட்டை ஒட்டினான். இத்தனை மாதத்தில் இப்படி ஒரு காலைப்பொழுது அவருக்கு வாய்த்ததில்லை. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்றே தோன்றியது.

மேடம் முப்பிடாதியையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பலகையை நிதானமாக வாசித்தார்.

"எல்லாம் சரிதான் சார். ஒரு வரி தப்பில்ல."

நாயகம் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். முப்பிடாதியும் மேலிருந்து கீழே வாசித்தாள். பேனா காதுக்குப் போயிற்று.

"சார்."

"என்னம்மா?"

"எங்க, ஒண்ணு காட்டுங்க."

நாயகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "பலகை நிறைய எழுதியிருக்கு, கண்ணு தெரியலையா? இந்தா பிடி." போட்ட எண்ணையே திருப்பித் தரும் சார்பை எழுதினார்.

"பூஜ்யமும் அரையும் போடுங்க சார். வித்தியாசம் அரை. அரையோட வர்க்கம் கால்தான். தாண்டிருச்சே."

"சரி, வர்க்கச் சார்பு."

"பத்தும் பதினொண்ணும் போடுங்க. நூறு, நூத்து இருபத்தொண்ணு. வித்தியாசம் இருபத்தொண்ணு. ஒண்ணத் தாண்டக் கூடாதுல்லா?"

ரியாஸ் ஒன்று சொல்லிப் பார்த்தான். வானமாமலை ஒன்று சொல்லிப் பார்த்தான். எதுவும் தேறவில்லை. நாயகம் இரண்டு மூன்றை எழுதி எழுதி அழித்தார். கடைசியில் ஓரத்தில், சின்னதாக, ஐந்து என்று எழுதினார். எதைப் போட்டாலும் ஐந்தே வரும் சார்பு. வித்தியாசம் எப்போதும் பூஜ்யம்.

"இது சரி சார். இன்னொண்ணு?"

இல்லை. முப்பிடாதியின் தாளில் ஒரே ஒரு படுக்கைக்கோடு இருந்தது. அதன் கீழே 'மாறிலி மட்டும்தான்' என்று எழுதியிருந்தாள்.

"இடைவெளியத் துண்டு துண்டா நறுக்கிப் பாத்தேன் சார். நறுக்க நறுக்க வித்தியாசம் ஒண்ணுமில்லாமப் போயிருது. படுத்த கோடு தவிர வேற எதுவும் நிக்கல."

படுத்த கோட்டுக்குத் தொடர்ச்சி உண்டு என்று நாயகம் அரைப் பலகை எழுதியிருந்தார். உச்ச மதிப்பு வேறு. மாப்பிள்ளை இல்லாமலே மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. போன இரண்டு தடவையும் விடைத்தாள் நிறைய எழுதிவிட்டுத்தான் வெளியே வந்திருந்தார். அந்த நினைப்பு வந்ததும் அவமானமாக இருந்தது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

"இத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மேடம்?"

"அவ வந்த நாள்ல இருந்து சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கா."

நாயகம் டஸ்டரை மேசையில் போட்டார்.

"ரொம்ப நல்லாருக்கு. பரீட்சை ஹால்ல இவ என் பக்கத்துலயா உக்காந்திருக்கப் போறா? அங்க யாரு மேடம் கேப்பா?"

மேடம் வராந்தாவுக்குப் போனார். அங்கே கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து, நாயகத்தின் நாற்காலியை ஒட்டிப் போட்டார்.

"அதுக்குத்தான் சார், அதுவரைக்கும் இங்க உக்காரட்டும்."