குதிரை ஈயும் கருப்பு வேட்டி மாசானமும்

ஒரே ஒரு ஊர்ல, நாணல்பட்டின்னு பேரு, அங்க பூமயிலுன்னு ஒருத்தி இருந்தாளாம். ராஜாவோட லாயத்துக்குப் புல்லு அறுத்துப் போடுறது அவ வேலை. லாயம்னா தெரியும்ல, குதிரை கட்டுற கொட்டாய். அதை ஒட்டிப் பெரிய குளம், சுத்திலும் நாணலும் சேறும். வெயில் ஏறுனா போதும், கரையெல்லாம் குதிரை ஈ கிளம்பிரும். வீட்டு ஈன்னு நினைச்சுக்காத, அதைவிடப் பெருசு. கொசு ஊசி குத்துற மாதிரி குத்தும், இது கத்தியால கீறுற மாதிரி கடிக்கும். சுரீர்னு வலிக்கும், ஒரு சொட்டு ரத்தம் வரும், அப்புறம் செவந்து தடிச்சுப் போயி அரிச்சுக் கொல்லும்.

பூமயிலு இதையெல்லாம் பாத்துப் பழகினவ. விடியக்காலமே போயி, வெயில் ஏறுறதுக்குள்ள புல்லை அறுத்துருவா. வெள்ளைச் சீலை, முழங்கை மூடுன வெள்ளை ரவிக்கை. அதனால அவ மேல ஒரு கடி கிடையாது.

அதே ஊர்ல மாசானம்னு ஒரு மந்திரவாதி. கருப்பு வேட்டி, கருப்புத் துண்டு. யாரு கடிபட்டு வந்தாலும், "குளத்துப் பேய் நகத்தால கீறிருச்சு"ம்பான். சாணியும் சாம்பலும் குழைச்சு அப்புவான், ஒரு கோழியைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவான். மீன்காரன் வந்தான், சாணி அப்பினான், கோழி போச்சு. குயவன் வந்தான், சாணி அப்பினான், கோழி போச்சு. பாய் முடையிற கிழவி வந்தா, அவளுக்கும் சாணி, அவ கோழியும் போச்சு. புண்ணு ஆறுச்சாங்குற? எங்க ஆற, சீழ்தான் வச்சுச்சு!

"சாணி வைக்காதீங்க, நல்ல தண்ணில கழுவுங்க"ன்னு பூமயிலு வீடு வீடாச் சொன்னா. அது மாசானத்துக்கு ஆகல.

ஒருநாள் உச்சி வெயில்ல ராஜா குதிரைக்குத் தண்ணி காட்ட வந்தாரு. கண்ணுக்குக் கீழ ஒரு ஈ கடிச்சிருச்சு. கண்ணு பணியாரமா உப்பி மூடிக்கிச்சு. ராஜா அரண்மனைக்குத் திரும்புனதும் ஊரே கூடிருச்சு, பூமயிலும் வந்தா, மாசானமும் ஓடி வந்தான்.

"ராஜா, பேய் தானா வராது. யாரோ ஏவி விட்டிருக்காங்க. தினமும் குளத்துக்குப் போயும் யாரு மேல கீறலே இல்லையோ, அவதான்!"

ஊரே பூமயிலைத் திரும்பிப் பாத்துச்சு.

"என்ன சொல்ற?"ன்னு கேட்டாரு ராஜா. "இல்லேன்னு காட்டு. காட்டலேன்னா நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ஊரை விட்டுப் போயிரு."

பூமயிலு ராஜா முன்னால வந்து நின்னா.

"காட்டுறேன் மகாராஜா. முதல்ல கண்ணைப் பாப்போம். சொறியாதீங்க. சுத்தத் தண்ணில கழுவி, பானைத் தண்ணில நனைச்ச துணியை ஒத்தி ஒத்தி வையுங்க. செவப்பு பரவுனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, மூச்சு முட்டுனாலோ காத்திருக்காதீங்க, உடனே வைத்தியரைக் கூப்பிடணும்."

அப்படியே செஞ்சாரு. மறுநாள் கண்ணு பாதி திறந்துக்கிச்சு. உச்சிப் பொழுதுக்கு ராஜாவும் ஊரும் எட்ட இருந்த மேட்டுல வந்து நின்னாங்க. பூமயிலு கரையில ரெண்டு கம்பு நட்டா. ஒண்ணுல வெள்ளைத் துணி, ஒண்ணுல கருப்புக் கம்பளி. காத்துல ரெண்டும் ஆடுச்சு. கொஞ்ச நேரத்துல கம்பளி மேல பத்து ஈ, இருபது ஈ. வெள்ளைத் துணி மேல ஒண்ணே ஒண்ணு.

"பேயும் இல்ல, ஏவலும் இல்ல மகாராஜா. வெயில், தண்ணிக்கரை, கருப்புத் துணி, இதுதான் அதுக்குப் பிடிக்கும்"னா.

"பொய்!"னு கத்துனான் மாசானம். "ஈக்குள்ள பேய் இருக்கு!"

"அப்ப நீங்களே இறங்கி விரட்டுங்கண்ணே"ன்னா பூமயிலு.

ராஜாவும், "இறங்கிப் போய்யா"ன்னுட்டாரு. அன்னைக்குவரைக்கும் அவன் குளத்துப் பக்கமே போனதில்ல, பாத்துக்கோ. கருப்பு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினான், கையை ஆட்டி ஆட்டி மந்திரம் சொன்னான். கழுத்துல ஒரு கடி, "ஐயோ!" முதுகுல ஒரு கடி, "ஐயய்யோ!" கெண்டைக்கால்ல ஒரு கடி, "அம்மாடியோ!"

"பேயாய்யா?"ன்னு கேட்டாரு ராஜா.

"ஈதான் ராஜா, சத்தியமா ஈதான்! எனக்கு முன்னமே தெரியும், என்னைக் காப்பாத்துங்க!"ன்னு அலறிக்கிட்டே மேட்டுக்கு ஓடி வந்தான்.

"கடியைக் கழுவிட்டு அப்புறம் பேசு"ன்னு பூமயிலுதான் தண்ணி ஊத்துனா.

ராஜா சொன்னாரு: "வாங்குன கோழி அத்தனையும் நீயே சுமந்துபோயி திருப்பிக் குடு. நீ சாணி அப்புன ஒவ்வொரு புண்ணையும் வைத்தியர் சொல்றபடி நீயே கழுவி விடணும்."

அவனும் வீடு வீடாப் போனான். மீன்காரன் காலைக் கழுவினான், குயவன் கையைக் கழுவினான். கிழவி மட்டும், "அழுத்தித் தேய்க்காம கழுவுடா, வலிக்குது"ன்னு அதட்டிக்கிட்டே கழுவ விட்டா.

புல்லு குதிரைக்கு, கோழி கிழவிக்கு, கதை உனக்கு, கொட்டாவி எனக்கு. படு கண்ணு.