விரதம் இருந்த கிளி

ஆனைவாரியை ஆண்ட சொக்கலிங்க பூபதி நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி மட்டும் அவர் காதுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர் அவையில் கெட்ட செய்தியே கிடையாது. ஏரி வற்றினால் வானம் தெளிவாக இருக்கிறது என்பார்கள். மதில் இடிந்தால் காற்றோட்டம் நன்றாயிற்று என்பார்கள்.

அந்த அவையில் யோசனை சொல்லும் வேலை இளையபெருமாளுக்கு. கேட்பார் இல்லாத வேலை. மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வாயில் கசப்பு ஏறியிருந்தது.

அரசரிடம் ஒரு கிளி இருந்தது. தொலைதூரத்தில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை பழக்கி அனுப்பியது. காலையில் அரசரைக் கண்டதும், "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று அவள் குரலிலேயே கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் இலை முன் உட்காருவார்.

ஒருநாள் கிளி கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. இறகெல்லாம் உப்பிப் பந்துபோல் இருந்தது. கம்பில் உட்காராமல் கூண்டின் தரையில் ஒடுங்கிக் கிடந்தது. நடுப்பகலில் கண்கள் செருகின. மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்கியது. கொய்யாப்பழம் வைத்தது வைத்தபடி இருந்தது. எச்சம் தண்ணீராய்ப் போயிற்று.

அரசர் கூண்டை அவைக்குக் கொண்டுவரச் சொல்லி, அரண்மனை வைத்தியர் மருதப்பரை அழைத்தார்.

மருதப்பர் கூண்டைச் சுற்றி வந்தார். நோய் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நோய் என்று சொன்னால் வைத்தியம் பார்க்க வேண்டும். கிளி செத்தால் பழி அவர் தலையில் விழும். கடவுள் பேரைச் சொல்லிவிட்டால் அந்தப் பழியையும் கடவுளே பார்த்துக்கொள்வார்.

"அரசே, கிளி விரதம் இருக்கிறது" என்றார். "உங்கள் நலனுக்காகத்தான். பேசாமல் இருப்பது மௌனம். கண் மூடுவது தியானம். உண்ணாமை நோன்பு. தரையில் இருப்பது பணிவு."

"வால் ஆடுகிறதே?"

"உள்ளுக்குள் மந்திரம் ஓடுகிறது. வால் தாளம் போடுகிறது."

அவை முழுவதும் தலையாட்டியது.

"எச்சம் தண்ணீராய்ப் போவது எந்த மந்திரம், வைத்தியரே?" என்று கேட்டார் இளையபெருமாள்.

"பாவம் கழிகிறது" என்றார் மருதப்பர், கொஞ்சமும் தயங்காமல்.

"அரசே, கிளிக்கு உடம்பு சரியில்லை. இப்படியே விட்டால் செத்துப்போகும்."

அரசரின் முகம் கறுத்தது. "வாயில் நல்ல வார்த்தையே வராதா உமக்கு?" என்றார். விரதத்தைச் சிறப்பிக்க மறுநாள் காலை மேளதாளத்தோடு கூண்டுக்குச் சாம்பிராணி போடச் சொல்லி எழுந்துபோனார்.

மூச்சுக்கே திணறும் பறவைக்குப் புகையும் மேளமும். இளையபெருமாளுக்கு அரசர்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. சற்றுமுன் ஆடிய தலைகள்மேல்தான்.

மறுநாள் மேளக்காரர்கள் வருமுன் அவை கூடியது. இளையபெருமாள் நான்கு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு உப்பிப்போய் வந்தார். ஆசனத்தில் உட்காராமல் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் ஒடுங்கினார். கண்கள் பாதி செருகின. மூச்சு இழுக்க இழுக்க முதுகுக் கம்பளி ஏறி இறங்கியது. தாம்பூலம் நீட்டினார்கள், தொடவில்லை. அரசர் பேர் சொல்லி அழைத்தார், பதில் இல்லை. கிளி செய்ததில் ஒன்றை மட்டும் அவர் செய்து காட்டவில்லை. சபை நாகரிகம் தடுத்துவிட்டது.

அரசர் பதறி மருதப்பரைப் பார்த்தார். மருதப்பருக்கு உள்ளூர மகிழ்ச்சி. தொல்லை தானாகவே ஒழிகிறதே.

"மோசமான நிலை, அரசே" என்றார். "குளிர் உடம்பில் இறங்கிவிட்டது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கிறது. பேசவும் தெம்பில்லை."

"மௌன விரதமாக இருக்குமோ?"

மருதப்பர் சிரித்தார். "விரதம் இருப்பவனுக்கு மூச்சு ஏன் இப்படி வாங்குகிறது? கண் ஏன் செருகுகிறது? இது நோய் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும்."

"என்ன செய்யலாம்?"

"கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். காற்று படக்கூடாது. தேன் கலந்த வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாய்ப் புகட்ட வேண்டும். புகையும் சத்தமும் அறவே ஆகாது. உயிருக்கே ஆபத்து."

இளையபெருமாள் எழுந்தார். கம்பளிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கூண்டைச் சுற்றிப் போர்த்தினார்.

"வைத்தியர் சரியாகச் சொல்லிவிட்டார், அரசே. நோயாளி உள்ளே இருக்கிறது. மருந்தை அதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள்."

அரசர் கூண்டைப் பார்த்தார், வைத்தியரைப் பார்த்தார். பிறகு மேளக்காரர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

மருதப்பர் சொன்ன வைத்தியத்தை மருதப்பரே செய்ய வேண்டியதாயிற்று. அடுக்களையை ஒட்டிய அறையில் கூண்டோடு கூண்டாய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாய்த் தேன்நீர் புகட்டினார். சில நாளில் கிளி கம்பில் ஏறியது. பழத்தைக் கொத்தியது. ஒரு காலை, கரகரத்த குரலில், "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்றது. அரசர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று அவையில் தம் கைக்கடகத்தைக் கழற்றி இளையபெருமாளுக்குப் போட்டார்.

"ஒன்று கேட்கிறேன்" என்றார். "இத்தனை பேர் இருந்தார்கள். ஒருவருக்குமா கிளியின் நோய் தெரியவில்லை?"

"எல்லாருக்கும் தெரிந்தது, அரசே. கிளியின் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. நோய் வந்தால் கிளி பேச்சை நிறுத்திவிடும். அவையின் நோயைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நோய் முற்ற முற்ற இவர்கள் பேச்சு இனிக்கும்."

வழக்கமாக அரசர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் அன்று தரையைப் பார்த்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

அரசர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"குணமாகத் தொடங்கிவிட்டது போலிருக்கிறதே" என்றார்.