மூன்றாவது புல்

"கண்ணால பார்த்ததைச் சொல்றது பாவமா சாமி?"

சிவக்கொழுந்து இப்படிக் கேட்டபோது, மடத்துச் சாமி கூடத்தில் உட்கார்ந்து தர்ப்பைச் சரடு பின்னிக்கொண்டிருந்தார். மறுநாள் சிவக்கொழுந்துக்குத் தீட்சை. தீட்சை பெறுகிறவர் கையில் கட்டும் சரடைக் குருவே பின்ன வேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம்.

"பாவமில்லையே. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற கேள்வியா இது? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று யாரும் கேட்காமலே ஒருவன் சொன்னால், என்ன அர்த்தம்?

நடந்தது இதுதான். பூஜை அறையில் ஒரு வலம்புரிச் சங்கு உண்டு. தீட்சை பெறாதவர் அதைத் தொடக்கூடாது. சிவக்கொழுந்துக்குப் பொறுக்கவில்லை. நாளைக்குத் தொடப்போகிறதை இன்றைக்குத் தொட்டால் என்ன என்று, அன்று விடியற்காலையில் அதை எடுத்துக் கழுவப் போனார். கை வழுக்கியது. சங்கின் வாய் உடைந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"காலையில யார் உள்ள போனது?" என்று மேலாளர் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார்.

"சமையல்கார குஞ்சிதபாதம் பால் செம்போட போனதைப் பார்த்தேன்" என்றார் சிவக்கொழுந்து.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குஞ்சிதபாதம் தினமும் பால் வைக்கப் போகிறவர்தான். நான் தொடவே இல்லை என்று அவர் அழுதார். யாரும் நம்பவில்லை. வேலை போயிற்று. இப்போது வாசலில் தகரப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

கூடத்திலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரிந்தது. சிவக்கொழுந்து அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொண்டார்.

"நான் அவர் மேல குத்தம் சொல்லல சாமி. போனார்னு மட்டும்தான் சொன்னேன்."

"நீங்க காலேஜுல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவராச்சே. அப்படிச் சொல்றதுக்கு இங்கிலீஷ்ல ஏதாச்சும் வார்த்தை இருக்கா?"

சிவக்கொழுந்துக்கு உயிர் வந்தது. வாத்தியார் புத்தி எங்கே போகும்?

"இருக்கு சாமி. 'அக்யூஸ்'னா நேரா விரலை நீட்டிக் குத்தம் சாட்டுறது. இன்னொண்ணு 'இம்ப்ளிகேட்'. விரலை நீட்ட வேண்டாம். ஒருத்தரைக் குத்தத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினாப் போதும். கேக்கறவங்களே மிச்சத்தைச் சேர்த்துக்குவாங்க."

"எங்கேருந்து வந்த வார்த்தை?"

"லத்தீன்லேருந்து வந்தது. 'ப்ளிகாரே'ன்னா மடிக்கிறது. 'இம்ப்ளிகாரே'ன்னா உள்ள வச்சு மடிக்கிறது, பின்னிச் சிக்க வைக்கிறது."

இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதன் கனம் இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சாமி தலையாட்டினார். பின்னிக்கொண்டிருந்த சரடைக் கீழே வைத்தார். மடியிலிருந்த தர்ப்பைக் கட்டிலிருந்து ஒரு புல்லை உருவி நீட்டினார்.

"இதைப் பின்னுங்க பார்ப்போம்."

"ஒத்தைப் புல்லை எப்படிப் பின்றது சாமி?"

சாமி இன்னொன்றை உருவிக் கொடுத்தார்.

சிவக்கொழுந்து இரண்டையும் குறுக்கே போட்டார். முறுக்கினார். விட்டதும் பிரிந்துகொண்டன. மறுபடி முறுக்கினார். மறுபடி பிரிந்தன.

"ரெண்டு நிக்காது சாமி. பின்னணும்னா மூணு வேணும்."

"எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு."

சாமியின் மடியில் ஒரு கட்டுத் தர்ப்பை கிடந்தது. அதை அவர் தொடவில்லை.

"இது சங்கு" என்று ஒன்றைத் தொட்டார். "இது குஞ்சிதபாதம். ரெண்டையும் சேர்த்துப் பின்னியிருக்கு, கெட்டியாத்தான் நிக்குது. மூணாவது எதுன்னுதான் எனக்குத் தெரியல."

சிவக்கொழுந்து கையிலிருந்த புற்களைப் பார்த்தார். இந்த மனிதர் முன்னால் சட்டையில்லாமல், தோலும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல் வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுபது வயதில் இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு, நாளைக்குத் தீட்சைக்குத் தலை குனியலாம் என்றிருந்தோமே என்று நினைத்தார்.

தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. குஞ்சிதபாதம் குனிந்து பெட்டியை எடுத்தார்.

"மூணாவது நான்தான் சாமி" என்றார் சிவக்கொழுந்து. "சங்கை உடைச்சது நான்தான்."

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார் சாமி. "பஸ் ஏறப் போறது நானா?"