ராஜாவின் கன்னத்தில் வெட்டு

அடகுக் கடையில் முப்பது வருஷம் நகை உரசிப் பார்த்தவர் சடையப்பன். கவரிங்கைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு பழங்காசு படிக்க ஆசை வந்து, கரூரில் தெய்வானையிடம் போய்ச் சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்து மூன்று. அதனாலென்ன, குரு குருதானே!

ஒருநாள் மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயிலில் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளிக்காசு.

"அம்மா, எங்க ஊர்க் கோயில் கிணத்துல ஒரு பானை கிடைச்சுதுங்க. உள்ளே நாற்பத்தொரு ரோமாபுரிக் காசு. நாற்பது அசல், இது ஒண்ணு மட்டும் போலி. தனியா உள்ளே இறங்கித் தூர் வாரின ராக்கியப்பன்தான் அசலை எடுத்துக்கிட்டு இதைப் போட்டுட்டான்னு ஊரே கொதிக்குது. அவனைப் பிடிச்சு வச்சிருக்காங்க, சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க. நீங்க போலின்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்."

"போலின்னு யாரு சொன்னது?"

"நான்தானுங்க."

"எதை வச்சு?"

"ராஜா கன்னத்துல வெட்டு இருக்குதே! எங்க கடைக்குக் கவரிங் வந்தா, வேற எங்கேயும் ஏமாத்தக் கூடாதுன்னு இப்படி வெட்டித்தான் திருப்பிக் கொடுப்போம்."

தெய்வானை காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தலையைச் சுத்தி எழுத்து சரியா இருக்கு. திபேரியஸ் ராஜா காசு. பின்னால கிளையைப் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற பெண்ணும் சரிதான்."

லென்ஸை அவர் கையில் கொடுத்தாள்.

"வெட்டுக்குள்ள பாருங்கய்யா. என்ன நிறம்?"

"கருப்புங்க."

"மேலே?"

"அதே கருப்பு."

"உள்ளே செம்பு இருந்தா?"

"இத்தனை காலத்துல பச்சை பூத்திருக்கும்…" சடையப்பன் மறுபடி லென்ஸுக்குள் குனிந்தார். "அப்போ வெட்டினது யாருங்க?"

"வெட்டும் காசு மாதிரியே கறுத்திருக்கு, அதுவும் பழசுதான். அந்தக் காலத்துலேயே உங்களை மாதிரி ஒருத்தருக்குச் சந்தேகம் வந்திருக்கும். வெட்டிப் பார்த்தார், உள்ளேயும் வெள்ளி. பானையில போட்டுட்டார்."

சடையப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே ஊருக்குப் போன் போட்டார்.

"விட்டுடுங்கப்பா அவனை! காசு அசல்! தப்பு என்னுது!"

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பிறகு ராக்கியப்பனின் குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, நான் ஊட்டுக்குப் போலாங்களா?"

"போ சாமி, போ! போய் வயிறாரச் சாப்பிடு!"

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார் மனுஷன். தெய்வானை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் நிதானம் வந்தது.

"நல்ல வேளைம்மா, வெட்டுக்குள்ள பார்க்க முடிஞ்சுது. இல்லாட்டி அவனை நம்பறதுக்கு நமக்கு என்னதான் ஆதாரம்?"

"கிணத்துக்குள்ள அவர் ஒருத்தர்தான் இருந்தார். ஒளிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனாலும் நாற்பத்தொண்ணையும் மேலே கொண்டு வந்து கொடுத்தார்" என்றாள் தெய்வானை. "அதை எந்தக் கல்லுல உரசிப் பார்த்தீங்க?"