மச்சக்காளை வைத்த உண்ணிச்செடி

மச்சக்காளை அண்ணன் என் சலூனுக்குச் சவரத்துக்கு வந்தால் நான் கத்தியைத் தளர்வாகத்தான் பிடிப்பேன். புளுகு பெருக்கப் பெருக்க அவர் தாடை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குச் சட்டையெல்லாம் முள் கிழித்து, தலையில் ரோஸும் மஞ்சளுமாகப் பூ உதிர்ந்து கிடக்க வந்து உட்கார்ந்தார். பெஞ்சில் அடுத்த தெரு ஜக்கையன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, யாரு பூப் போட்டு வரவேத்தது?" என்றேன்.

"உண்ணிப்பூடா சின்னப்பாண்டி. வாசல்ல வச்சிருக்கேன்."

"அது காட்டுச்செடியாச்சே. விட்டா வீட்டையே மூடிரும்."

"ரோசா வச்சேன், செத்துச்சு. மல்லி வச்சேன், அதுவும் போச்சு. செடின்னா திருடிட்டு வந்து வச்சாத்தான் தழைக்கும்னு எல்லாரும் சொல்லுறாகளே. அதான் ஒரு வேலியில இருந்து உருவிட்டு வந்தேன். ஊனிட்டுக் கை கழுவத் திரும்புறேன், முதுகுல என்னமோ குத்துது. பாத்தா, பூ!"

ஜக்கையன் பேப்பரைத் தாழ்த்தினார். "கை கழுவ எத்தன மாசம் ஆச்சு?"

"நக்கலா? எங்க வெள்ளாடு அதுக்குள்ள நுழைஞ்சுச்சு. தேடாத எடமில்ல. திரும்பி வரும்போது பேரன் பேத்தியோட வருது! உள்ள கெடா எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

நான் சோப்பு நுரையைத் தடவி வாயை அடைக்கப் பார்த்தேன். நுரைக்குள்ளிருந்தே பேசினார்.

"கோடையில செத்துரும்னு பாத்தேன். ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. அதுவா வேரை விட்டுக் குழாய்க்குள்ள ஏறிருச்சு. இப்பக் குழாயத் தெறந்தா மொதல்ல மொட்டு வருது, பெறவுதான் தண்ணி. வெட்டி அடுப்புல வச்சேன். சாம்பல்ல துளிர் விட்டு உலைமூடியத் தூக்கிப் பாக்குது."

"சோறு வெந்துச்சா?" என்றார் ஜக்கையன்.

"வெந்துச்சு. பூ வாசம் அடிச்சுச்சு, அவ்வளவுதான். அட, அத விடுங்க. எம் பொண்டாட்டி காலையில அது மேல சேலையக் காயப்போட்டா. சாயங்காலம் எடுக்கப் போனா சேலை மேகத்துக்குப் பக்கத்துல கெடக்கு. ஏணி பத்தல. நான் கொப்புக் கொப்பா ஏறிப் போனேன். அங்கன இருந்து பாத்தா வைகை அணை கைக்குழி தண்ணியாட்டம் தெரியுது. சேலையத் தொட்டுப் பாத்தா இன்னும் ஈரம். மேகம் ஒரசிக்கிட்டே இருந்தா எப்படிக் காயும்?"

ஜக்கையன் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. ஒரு கன்னம் மட்டும் மழித்திருக்க, கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

"இப்ப வாசலே இல்லடா. காலையில நான் கூரை ஓட்டப் பிரிச்சுக்கிட்டுத்தான் வெளிய வந்தேன். போன மாசம் எம் மக நாகஜோதியப் பொண்ணு பாக்க வந்தவங்க வாசலத் தேடித் தேடிப் பாத்துட்டு, எதிர்வீட்டுப் புள்ளையப் பாத்துப் பேசி முடிச்சுட்டுப் போயிட்டாங்க. நாளைக்குப் போடியில இருந்து வேற எடம் வருது. புள்ள சோறு திங்காம உக்காந்திருக்கா."

புளுகு எங்கே முடிந்தது, நிஜம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாக இருந்தது.

அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். "ஜக்கையா, உங்கிட்ட ஒரு வெட்டருவா இருக்குமே? ஊருலயே அதுதான் கூருன்னு சொல்லுவாக."

ஜக்கையன் பேப்பரை நிதானமாக மடித்தார்.

"நீ எந்த வேலியில இருந்து உருவுனன்னு சொல்லலையே?"

அண்ணன் காதோரம் சொறிந்தார். "உன் வேலிதான்."

"தெரியும். நாலு வருசமா அத வெட்டுனேன், எரிச்சேன், உப்பக் கொட்டுனேன். சாகல. கடைசியில வேரோட புடுங்கி, நீ வார போற வழியில வேலியில தொங்கவிட்டேன். நீ கை வைக்காமப் போக மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அன்னையில இருந்து என் தோட்டம் சுத்தமா இருக்கு."

அண்ணன் கன்னத்து நுரை காய்ந்தது. நான் பார்த்து அவர் வாயடைத்துப் போனது அந்த ஒரு தடவைதான்.

ஜக்கையன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வா, நானும் வந்து வெட்டுறேன். புள்ளைக்கு வாசல் வேணும். அருவா வீட்டுக் கொல்லையில இருக்கு. ஆனா நான் எடுத்துக் குடுத்தப் பெறகு வாங்கு. நீயா திருடிட்டுப் போனா, அதுவும் தழைச்சுத் தொலைச்சிரும்."