வண்டிக்கு அடியில் இருந்தவர்

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் வாசலில் ஒரு பெரிய வண்டி நின்றுபோனது. அதனால் வண்டிக்காரர் சீடரானார். இதை வேறு விதமாகச் சொல்ல வழியில்லை.

அவர் பெயர் நாச்சிமுத்து. கோயமுத்தூரில் பம்பு செய்யும் ஆலை ஒன்றில் வரைபடம் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஒரு கேரவன். ஒரு காலத்தில் சினிமாப் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குப் போனது. உள்ளே கட்டில், குளியலறை, ஃபிரிட்ஜ், தோல் சோபா எல்லாம் உண்டு. பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து அறை அகலமாகும். நடிகர்கள் புது வண்டிகளுக்கு மாறிய பிறகு அது ஏலத்துக்கு வந்தது. நாச்சிமுத்து எடுத்தார்.

எடுத்தது மனைவி தெய்வாத்தாளுக்காக. அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெய்வாத்தாளுக்கு ஓர் ஆசை இருந்தது. மணப்பாட்டுக் கடற்கரையில் வண்டியை நிறுத்தி, கட்டிலில் சாய்ந்தபடியே சன்னல் வழியாகச் சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அதுவரை நினைவு தாங்கினால் போதும் என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார்.

மடத்து வாசலில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. சின்ன வேலை. அன்றே மாற்றிவிட்டார். மாற்றும்போது ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றியபோது பேரிங்கில் சத்தம் கேட்டது. அதற்குள் மழை வந்தது. கூரை ஒழுகியது.

"முழுசா முடிச்சுட்டே கிளம்பிக்கறனுங்க" என்றார்.

மடத்தின் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் அம்மை என்பார்கள். நாச்சிமுத்துவைவிட இருபது வயது சிறியவர். வண்டியை இலுப்பை மரத்தடிக்குத் தள்ளிவிட ஆள் அனுப்பினார்.

"இருங்க ஐயா" என்றார். "இங்கே ஒரே ஒரு வழக்கம் உண்டு. யாராவது கூப்பிட்டா, 'வர்றேன்'னு குரல் கொடுக்கக் கூடாது. எழுந்து வந்து நிக்கணும்."

"நல்ல வழக்கமுங்க" என்றார் நாச்சிமுத்து.

மூன்று ஆண்டுகள் போயின.

*

திண்டுக்கல்லில் இருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "ஓட்டலாம் சார். ஓட்டினாத்தான் சரியாகும். நிக்கிற வண்டிதான் கெடும்" என்றார்.

நாச்சிமுத்து அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். "என்ற வண்டியை என்ற கைதான் தொடோணும்" என்றார்.

எதைத் தொட்டாலும் முதலில் படம் வரைவார். பிறகு கழற்றுவார். கூரையில் பசை பூசி ஓட்டையை அடைத்தார். தண்ணீர் வேறு இடத்தில் ஒழுகியது. தண்ணீர் மோட்டாரைச் சரி செய்தார். அதற்குள் பேட்டரி இறங்கியிருந்தது. பேட்டரியை மாற்றினார். நின்ற இடத்திலேயே நின்று டயர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. பெரும்பாலும் வண்டிக்கு அடியில்தான் கிடந்தார். சாக்கை விரித்து, மல்லாந்து, முகத்துக்கு மேலே இரும்பு.

மேலே வண்டிக்குள் தெய்வாத்தாள் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது தரையைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் கொஞ்சந்தான்."

"வாரீங்களா?"

"இதா வந்துட்டேன்."

வரமாட்டார். தெய்வாத்தாள் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்பார். அதே பதில் வரும்.

மடத்தில் சமையல் செய்யும் பேச்சிக்கு இது பெரிய வேடிக்கை. "கோயமுத்தூர்க்காரரே, உம்ம சோத்துத் தட்டை வண்டிக்கு அடியில தள்ளிவிடவா? நாய்க்கும் அங்கேதான் வைக்கிறேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாப்பிடலாம்."

"நாய் கேள்வி கேக்காதுங்க" என்பார் நாச்சிமுத்து.

"அதுக்கும் சலிச்சுப்போய்த்தான் கேக்கலை."

*

ஓர் ஐப்பசி மாதத்து மாலையில் நாச்சிமுத்து அம்மையிடம் வந்தார். வந்து நின்றார். யாரும் கூப்பிடாமலே அன்றைக்கு மட்டும் வழக்கத்தைக் கடைப்பிடித்தார்.

"அம்மா, ஒரு கேள்விங்க. ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்ந்து முடித்து எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நல்ல மழை. அம்மை ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, தெய்வாத்தாளைத் தோளோடு அணைத்தபடி, மடத்து வாசலில் இருந்து வண்டியைக் கடந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். குடையில் ஒரு கம்பி முறிந்து துணி தொங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து வண்டிக்கு அடியில் இருந்து தலையை நீட்டினார்.

"அம்மா, கம்பி முறிஞ்சிருக்குதுங்களே. குடுங்க. ஒரு நிமிஷம்."

அம்மை குடையைக் கொடுத்தார்.

நாச்சிமுத்து அதை வண்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மெல்லிய கம்பி தேடினார். குறடு தேடினார். கட்டினார். கட்டியது கோணலாக இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார். தலையைத் திருப்பிப் பார்த்தபோது அம்மையும் தெய்வாத்தாளும் அதே இடத்தில் மழையில் நின்றிருந்தார்கள். தெய்வாத்தாளின் தலையில் இருந்து தண்ணீர் வழிந்து முகவாயில் சொட்டியது.

"ஐயோ, நனையறாளுங்களே! உள்ளே கூட்டிட்டுப் போங்கம்மா."

"குடை வரட்டும்" என்றார் அம்மை.

"நாந்தான் பண்ணிட்டிருக்கனுங்களே. முறிஞ்சதைப் பிடிச்சுட்டு எப்படிப் போவீங்க?"

"இவ்வளவு தூரம் நனையாமத்தான் வந்தோம் ஐயா."

நாச்சிமுத்து கையில் இருந்த குடையைப் பார்த்தார். பிறகு தெய்வாத்தாளைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல கிளம்பறனுங்க" என்றார்.

காலையில் பொத்தானை அழுத்தினார். வெளியே நீண்டிருந்த பக்கச் சுவர் பாதி உள்ளே வந்து சிக்கிக்கொண்டது. பேச்சி வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இதை இழுத்துக் கட்டிக்கிட்டுப் போகக் கூடாதா?"

"பாதிச் சுவரு நீட்டிட்டு நெடுஞ்சாலையில போறதுங்களா? யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க? இந்த ஒண்ணு மட்டுந்தான். முடிச்சுட்டுப் போயிடலாம்."

சாக்கை விரித்தார். புளிச்சோற்றை நாய் தின்றது.

*

மாசி கழிந்தது. சுவர் இன்னும் பாதியில்தான் நின்றது. அதற்கு மூன்று படங்கள் வரைந்திருந்தார்.

ஒரு பகல், அடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலே இருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, வாரீங்களா?"

"இதா வந்துட்டேன்."

அன்றைக்கு என்ன தோன்றியதோ, உண்மையிலேயே வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படியேறி உள்ளே போனார்.

தெய்வாத்தாள் அவரைப் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வாங்கண்ணா. மெக்கானிக்குங்களா? காப்பி குடிக்கறீங்களா?"

நாச்சிமுத்து நின்றார்.

"எங்க ஊட்டுக்காரரு கீழ வேலையா இருக்காரு. இப்பத்தான் பேசுனாரு. வந்துருவாரு. உக்காருங்கண்ணா."

அவர் உட்கார்ந்தார். காப்பி வரவில்லை. காப்பி போடுவதும் தெய்வாத்தாளுக்கு மறந்திருந்தது. அவர் அடுப்பு மேடையைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

நாச்சிமுத்து இறங்கி ஓடினார். கிணற்றடியில் கிடந்த தேங்காய்நார்க் கயிற்றை எடுத்தார். பாதியில் நின்ற சுவரை வண்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். கூரை மேல் தார்ப்பாயைப் போட்டார். படங்களை அடுப்பில் போடச் சொல்லிப் பேச்சியிடம் கொடுத்தார். பேச்சி அவற்றை அப்படியே அடுப்பில் தள்ளிவிட்டு வந்தார்.

"அம்மா, நீங்களும் வரோணுங்க" என்று அம்மையிடம் கேட்டார். "என்னோட தனியா வர அவ பயப்படுவா."

அம்மை செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினார்.

வண்டி கிளம்பியது. விருதுநகர் தாண்டியது. திருநெல்வேலி தாண்டியது. டயர் வெடிக்கவில்லை. பெல்ட் அறுந்துபோகவில்லை. கயிறு அவிழவில்லை. வழி முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டே ஓட்டினார். அம்மை பார்த்தார்.

*

மணப்பாட்டில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். கிழக்கே வெளுக்கும் நேரத்துக்கு நாச்சிமுத்து முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலருகே வந்தார். சன்னல் திரையை ஒதுக்கினார்.

"பாரு தெய்வா. கடலு."

தெய்வாத்தாள் பார்க்கவில்லை. மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

"நீங்க பாருங்கண்ணா. எங்க ஊட்டுக்காரரு வரட்டும். ரெண்டு பேரும் சேந்து பாக்கறதாப் பேச்சு."

கையை நீட்டித் திரையை இழுத்து மூடினார்.

"நாந்தான் தெய்வா. நாச்சிமுத்து."

தெய்வாத்தாள் அவர் கைகளைப் பார்த்தார். நகக் கண்ணில் மூன்று வருடத்துக் கிரீஸ். உள்ளங்கை முழுக்கத் தழும்பு.

"அவரு கையி இப்படி இருக்காதுங்க" என்றார். "படம் போடற கையி அது."

நாச்சிமுத்து இறங்கி வந்தார். அம்மை மணலில் உட்கார்ந்திருந்தார். கடலின் ஓரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் வள்ளங்கள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"என்னைத் தெரியலீங்கம்மா."

"ம்."

"அவரு வந்தாத்தான் திரையைத் திறப்பாளாமுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல சூரியன் வந்துரும். இதை எப்படிச் சரி பண்றதுங்க?"

அம்மை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா. நாளைக்குத் தெரியுமுங்களா? இன்னொரு டாக்டருகிட்டக் காட்டட்டுங்களா? எதையாச்சும் சொல்லுங்க. செய்யறேன்."

"கீழே போய்ப் படுங்க ஐயா" என்றார் அம்மை. "அங்கே இருந்து குரல் கொடுங்க."

நாச்சிமுத்து வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"குரல் குடுக்கக் கூடாது, வந்து நிக்கோணும்னு நீங்கதானுங்களே…"

"அது வர முடிஞ்சவங்களுக்கு."

நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். சாக்கு இல்லை. ஈர மணலில் மல்லாந்து படுத்தார். கையில் ஸ்பேனர் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகளை மார்பில் வைத்துக்கொண்டார்.

"தெய்வா."

மேலே கட்டில் அசையும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க! கீழயா இருக்கீங்க? நான் எங்கெங்கயோ தேடறேன். முடிஞ்சுதுங்களா?"

மூன்று வருடங்களாக இதற்கு ஒரே பதில் வைத்திருந்தார். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"முடிஞ்சுது" என்றார்.

"அப்ப வாங்க. கடலுக்கு வந்துட்டமாட்ட இருக்குது. யாரோ ஒரு அண்ணன் சொல்லிட்டுப் போனாரு."

"இதா வந்துட்டேன். நீ பாத்துட்டே இரு."

திரையின் வளையங்கள் கம்பியில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அடியில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஒரு பக்கம் தட்டையான டயரும் அம்மையின் கால்களும்தான் தெரிந்தன. மணல் மெல்ல மஞ்சளாகியது.

"அம்மா" என்றார் நாச்சிமுத்து, மேலே கேட்காத குரலில். "திறந்துட்டாளுங்களா?"

"திறந்துட்டாங்க."

"நான் மேல போகட்டுங்களா?"

அம்மை தலையை உயர்த்திச் சன்னலைப் பார்த்தார்.

"சிரிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். "அங்கேயே இருங்க ஐயா."