தாமரை இலை அங்கி

அல்லிக் குளத்தின் இக்கரையில் ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. கொக்கு டீச்சர் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை நடத்தினார். ஆறாம் வகுப்பு அக்கரையில். ஐந்தாவது முடித்த பிள்ளைகள் கடைசி நாளன்று குளத்தை நீந்திக் கடந்து அங்கே சேர வேண்டும். அதுதான் வழக்கம்.

அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே நீர்நாய் பொற்கொடியின் அலட்டல் ஆரம்பமாகிவிட்டது. கரையில் பெரிய பேனர் கட்டினாள். அதில் மகன் மாறனின் படம் சிறியது, அவளுடைய படம் பெரியது. தாமரை இலையில் மகனுக்குப் பட்டமளிப்பு அங்கியும் தைத்தாள்.

"என் பிள்ளை அஞ்சு வருஷமும் முதல் ரேங்க்" என்று போவோர் வருவோரை நிறுத்திச் சொன்னாள்.

எப்படி வாங்கினான் என்று மட்டும் சொல்லவில்லை. மீன் பிடிக்கும் வீட்டுப்பாடத்துக்கு அவளே மீன் பிடித்துக் கொடுத்தாள். நீச்சல் வகுப்பென்றால், சளி பிடிக்குமென்று லீவு லெட்டர் எழுதினாள். நீர்நாய்க்குத் தண்ணீரால் சளியாம்! மீனைத் தின்ற டீச்சரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. மாறனோடு படித்த நீர்க்கோழிக் குஞ்சின் அம்மா இரை தேடப் போயிருந்தாள். குஞ்சு தனியாகவே நீந்தி அக்கரை சேர்ந்தது. அடுத்தது மாறன்.

"இறங்குடா கண்ணு, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள் பொற்கொடி.

"எப்படிம்மா நீந்தறது?"

"கைகாலை அடிக்க வேண்டியதுதானே!"

மாறன் அங்கியோடு இறங்கினான். இரண்டு முறை கைகளை உதறினான். மூழ்கிப்போனான். பொற்கொடி அலறிக்கொண்டு பாய்ந்து, அவன் பிடரியைக் கவ்விக் கரையேற்றினாள். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு அவன் சொன்னான்:

"எல்லாத்தையும் நீதானே செஞ்ச. இதையும் நீயே நீந்திடும்மா."

குளமே சிரித்தது.

"அங்கி கனமா இருந்துச்சு, அதான்" என்று முனகினாள் அவள்.

"அங்கியைக் கழட்டிட்டு இன்னொரு தடவை இறக்கிப் பாருங்களேன் அத்தை" என்று அக்கரையிலிருந்து கத்தியது நீர்க்கோழிக் குஞ்சு. பொற்கொடி காது கேட்காதவள்போல் பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளி மறுபடி திறந்தபோது, மாறன் வாத்துக் குஞ்சுகளோடு முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே பேனர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பிள்ளையின் பாடத்தைத் தானே செய்து முடிக்கிற பெற்றோர், ஊர் மெச்சுவதற்காகப் பிள்ளையின் படிப்பைத் திருடிக்கொள்கிறார்கள்.